கார்பைடு மல்லிகை

"இந்த வெள்ளைத் தாடி மேல சத்தியம். என் அத்தர்ல மல்லிகைப் பூவைத் தவிர ஒரு சொட்டுக் கலப்பு கிடையாது. நான் சொல்ற ஒவ்வொரு சொல்லும் உண்மை!"

பெண் கேட்டு வந்த தங்கை மகன் பாக்கரிடம், கீழக்கரை அத்தர்க் கடை வாவு முகம்மது இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். வருடம் 1984. பாக்கர் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் வேலை பார்த்தான்.

"ஏலே, நீ படிச்சது குழாயில புகை விடுற படிப்பு. அதுல மல்லிகை வாசம் வருமா?"

"வரும் மாமா. பூவே வேண்டாம். வெல்டிங் பட்டறை கார்பைடு கல்லு போதும்."

"அது நாறுமேலே!"

பாக்கர் ஒரு தாளை விரித்தான். மல்லிகை வாசத்திலிருந்து செய்முறையைப் படிப்படியாகப் பின்னோக்கி எழுதி, கார்பைடு கல்லில் முடித்திருந்தான்.

"கல்லுல தண்ணி பட்டா அசிட்டிலீன் வாயு. அதுல பாதியைப் பழுக்கக் காய்ச்சுன இரும்புக் குழாயில விட்டா பென்சீன். மறுபாதி ரெண்டு படி தாண்டுனா வினிகர் அமிலம். பென்சீனை மூணு படி ஏத்தி அமிலத்தோட சேத்தா பென்சைல் அசிட்டேட். மல்லிகை வாசம். மொத்தம் எட்டே படி."

வாவு முகம்மது தாடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை ஒரு குப்பி கொண்டா. என் அத்தர் மாதிரியே மணந்தா என் மக சாலிஹா உனக்கு. இல்லேன்னா இந்தப் பக்கம் வராதே."

பாக்கர் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், இரண்டாம் படியிலேயே குழாய் வெடித்தது. கொட்டகைத் தகரம் பரமக்குடி ஸ்டேஷனில் போய் இறங்கியது. பாக்கரின் இடது புருவம் எங்கே இறங்கியதென்று தெரியவில்லை.

"ஒத்தப் புருவ மாப்பிள்ளைன்னு என்னையத்தான் ஊரே சிரிக்கும்" என்றாள் சாலிஹா. "குப்பியை இங்கன குடுங்க மச்சான்."

வாப்பாவின் அத்தர்க் கேனிலிருந்தே அதை நிரப்பினாள்.

"மாமா கண்டுபிடிச்சிட்டா?"

"அவரு அத்தரை அவரே குறை சொல்வாரா?"

வெள்ளிக்கிழமை வாவு முகம்மது குப்பியை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"அந்தத் தாளை வேற யாருக்கும் காட்டுனியா?"

"இல்ல மாமா."

"கொண்டா."

வாங்கியவர் நாலாக மடித்து வாயில் போட்டு, தேத்தண்ணி ஊற்றி விழுங்கினார்.

"நாளைக்கே நிக்காஹ்."

கல்யாணத்துக்குப் பிறகு கடைக்கு வந்த பாக்கர், மாமனாரை ஏமாற்றிவிட்ட உறுத்தலோடு, காலியான அத்தர்க் கேனைக் கழுவக் கவிழ்த்தான். அடியில் பம்பாய்க் கம்பெனி முத்திரை இருந்தது: 'பென்சைல் அசிட்டேட், இருபது லிட்டர்.'