பொரியில் விழுந்த நகம்

விருபாட்சப்பா வெட்டிய நகம் பறந்து வந்து, பக்கத்து மேசையில் சிவலீலா பிரித்து வைத்திருந்த காரப்பொரியில் விழுந்தது. ஹூப்ளி ஆபீசுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இந்த நகவெட்டலைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், நேரே மேனேஜர் அறைக்குள் போனாள்.

"சார், விருபாட்சப்பா சீட்டுல உக்காந்தே நகம் வெட்டுறாரு. என் பொரியில வந்து விழுது!"

மேனேஜர் மல்லனகௌடருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவனா? கூப்பிடும்மா அந்த ஆள!"

விருபாட்சப்பா வந்து நின்றார். சிவலீலாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"வெக்கமா இல்லய்யா உனக்கு?" மேனேஜர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"தப்புதான் சார்."

மேனேஜர் மேசைக்கு அடியிலிருந்து வெறுங்காலை வெளியே நீட்டினார்.

"இடது கால முடிச்சிட்டு, வலது காலுக்குக் காலையிலேருந்து தேடிக்கிட்டு இருக்கேன். என் நகவெட்டிய எடுத்தா திருப்பி வைக்கணும்னு தெரியாது?"