எதுவும் எடுப்பதில்லை

வேலைநீக்கக் கடிதம் அச்சாகி மேசைமேல் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. குழுத் தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் நின்றவளை முறைத்தார்.

பழைய கம்பெனியை விட்டு இங்கே சேர்ந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுக்குத் ‘தணிக்கை’ என்று பட்டப்பெயர் விழுந்திருந்தது.

“ஆறு மணிக்குள்ள ஆப் ஸ்டோருக்குப் போயாகணும். போகலைன்னா ஆஸ்பத்திரிக்காரன் ஒப்பந்தத்தைக் கிழிச்சிடுவான். நம்ம டீமே தெருவுக்கு வந்துடும். நீ என்னடான்னா ஒரு படிவத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே!”

கர்ப்பிணிகள் பரிசோதனைத் தேதிகளைக் குறித்துக்கொள்ளும் செயலி அது. அதில் நாள்காட்டியை வரைந்து காட்டும் பகுதி மட்டும் வெளி நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுத்த நிரல். அடுத்தவர் நிரலைச் சேர்த்தால், அது பயனரிடமிருந்து என்னென்ன தகவல் எடுக்கிறது என்று ஆப் ஸ்டோருக்குப் படிவத்தில் உறுதிமொழி தர வேண்டும். தலைவர் வழக்கம்போலப் பழைய செயலியின் படிவத்தையே நகலெடுத்து ஒட்டியிருந்தார்: ‘எதுவும் எடுப்பதில்லை.’

“ஆள் இருக்கற இடத்தை எடுக்குது சார். பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவை. அந்தப் பொண்ணுங்க எங்க போறாங்க, எங்க தூங்கறாங்க, எல்லாம் வெளியில போகுது.”

“கண்டுபிடிச்சுட்டா பாரு! நம்ம டெஸ்டர் மூணு நாள் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தார். ஒண்ணும் போகலை.”

“சோதனை பண்ற போன்னு தெரிஞ்சா அது வாயை மூடிக்கும் சார்.”

“ஓ, உன் காதுல வந்து சொல்லுச்சா?”

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நகரவில்லை.

இவள் எதிர்க் கம்பெனிக்காரன் அனுப்பிய ஆளோ என்று தலைவருக்குத் தோன்றியது. இல்லாவிட்டால் கடைசி நாளன்று வந்து இப்படிக் குட்டையைக் குழப்புவாளா?

“நிரல் குடுத்தவங்க கையேட்டுல ‘எதையும் எடுக்கறதில்லை’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா உனக்கு?”

“கையேடு பொய் சார்.”

“நீ ஒருத்திதான் உலகத்துல யோக்கியமாக்கும்!”

“படிவத்தை மாத்துங்க. இல்லைன்னா அந்த நிரலைத் தூக்கி எறிங்க. அப்புறம் என்னை அனுப்பிக்குங்க, போயிடறேன்.”

தலைவருக்கு ரத்தம் தலைக்கேறியது. கடிதத்தில் சரக்கென்று கையெழுத்தைக் கிறுக்கி, அவள் பக்கம் விசிறினார். அது அவள் காலடியில் போய் விழுந்தது.

“கடைசியாச் சொல்றேன். அந்த நிரலை எழுதின களவாணியைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வா. என் முகத்துக்கு நேரா நின்னு ‘ஆமா, திருடத்தான் எழுதினேன்’னு சொல்லட்டும். அப்ப மாத்தறேன் படிவத்தை!”

அவள் குனிந்து கடிதத்தை எடுத்தாள். நான்காக மடித்தாள். காலையிலிருந்து உயர்ந்தே இருந்த குரல் முதன்முறையாக இறங்கியது.

“இழுத்துட்டு வர வேண்டாம் சார். எழுதினது நான்தான்.”