பெட்டிக்குள் ஒரு குளிர்தேசம்

சமையலறைக் கடிகாரத்துக்குப் பின்னால் சபாபதி என்ற பல்லியும் அவர் மனைவி மரகதமும் குடியிருந்தார்கள். வயசான காலத்தில் வெளிநாட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது சபாபதியின் ஆசை. வெளிநாடு என்று அவர் சொன்னது எதிரே நின்ற ஃப்ரிட்ஜைத்தான்.

"கதவைத் திறந்தா தானா விளக்கெரியுது. வெயில் இல்லை, பூனை இல்லை. முதல்ல ஒரு வாரம் தங்கிப் பார்ப்போம். பிடிச்சா அங்கேயே இருந்துடலாம்" என்றார்.

பூஜை அறைப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகளை விட்டுப் போக மரகதத்துக்கு மனசே இல்லை. இருந்தாலும் சாமியை வேண்டிக்கொண்டு, வழிக்கு நாலு கொசுவையும் பிடித்துக்கொண்டு, கதவு திறந்த நேரம் பார்த்து அவர் பின்னாலேயே நுழைந்தாள்.

கதவு சாத்தியதும் விளக்கு அணைந்தது. தயிர்ப் பாத்திரத்துக்கும் புதினாக் கட்டுக்கும் நடுவே இருவரும் ஒடுங்கினார்கள். சபாபதிக்கு வால் விறைத்தது.

"என்னங்க, குளிரலையா?"

"வெளிநாடுன்னா அப்படித்தான், பழகிடும். நாம இங்கேயே இருந்துடலாம் மரகதம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தாடை நடுங்கி, வாயிலிருந்து "ச்சு, ச்சு, ச்சு" என்று சத்தம் வந்தது.

"கேட்டியா, பல்லி சொல்லிடுச்சு. நல்ல சகுனம்" என்று பூரித்துப்போனார்.

மரகதம் வாதாடவில்லை. அந்த நடுக்கம் நிற்பதற்குள், "இல்லேன்னா, வீட்டுக்கே போய்ப் பிள்ளைங்களோட இருந்துடலாமா?" என்று கேட்டாள்.

"ச்சு, ச்சு, ச்சு" என்றது சபாபதியின் வாய்.

"பல்லி சொல்லிடுச்சுங்க" என்று மரகதம் கதவோரமாக நகர்ந்துகொண்டாள். வீட்டம்மா தயிர் எடுக்க வரும் நேரம்தான்.