வேலிப் பக்கக் கதவு

சமையலறைச் சுவரில் கதவுக்கென்று மேசன் ரவிகுமார் விட்டிருந்த இடைவெளியில் மஸாஹிரா போய் நின்று பார்த்தாள்.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாலும் தோள் இடிக்காது.

அதற்கு நேரே வேலி. வேலிக்கு அப்பால் ரத்னபாலவின் தோட்டம்.

அலவத்துகொடைக்கு அப்பால் அந்த ஒழுங்கையில் கலவரத்தில் எரிந்துபோன முஸ்லிம் வீடுகள் திரும்ப எழும்பியபோது, எல்லாமே ஒரு கதவு கூடுதலாக வைத்துக்கொண்டுதான் எழும்பின. ஏன் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

சமாதானம் என்னவோ வந்துவிட்டது. ஊரடங்கு எடுத்த கையோடு விகாரை மண்டபத்தில் சிங்கள, முஸ்லிம் இரு தரப்புப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். வழக்குப் போடுவதில்லை, இனி ஒருவர்மேல் ஒருவர் கைவைப்பதில்லை என்று முடிவாயிற்று. பாற்சோறு பரிமாறினார்கள். மஸாஹிராவின் கணவன் ஃபாஸிலும் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தான்.

வந்து, அந்தக் கையை வெகுநேரம் கழுவினான்.

அதன்பிறகு ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகப் போனால், ஒழுங்கையில் எல்லா வீட்டு டிவியும் ஊமையாகிவிடும்.

அன்றைக்கு அவளைக் காப்பாற்றியவர் ரத்னபாலதான். முன்வாசலில் தீ பிடித்தபோது வேலியை வெட்டித் திறந்து, கைக்குழந்தையாக இருந்த நதாவையும் அவளையும் இழுத்துப்போய்த் தன் சமையலறையில் ஒளித்துவைத்தார். தேடி வந்த கூட்டத்திடம், வாசற்படியில் நின்றபடி, இங்கே யாருமில்லை என்று புத்தர்மேல் ஆணையிட்டார். பெருநாளைக்கு அவிக்கிற வட்டிலப்பத்தில் முதல் தட்டு இன்றுவரை அவர் வீட்டுக்குத்தான் போகிறது.

ஆகவே, கதவு எந்தப் பக்கம் என்று அவள் யோசிக்கவே இல்லை.

ரத்னபால வேலியோரம் வந்து நின்று சுவரைப் பார்த்தார். பிறகு, கண்டிக் கடைத்தெருவில் பழகிய தமிழில் சொன்னார்:

"மகள், கதவ இந்தப் பக்கம் வைக்க வேணாம்."

தோட்டத்தை மிதித்துவிடுவோம் என்று பயப்படுகிறாராக்கும். மஸாஹிராவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"நாங்க சும்மா வர மாட்டோம் மாமா. திரும்ப அப்பிடி ஒண்டு வந்தாத்தான்."

"அதுக்குத்தான் சொல்றன்."

அவர் தன் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிற்று.

"அன்டைக்கித் தேடி வந்தவங்கள்ல என்ட மகனும் நின்டான். அப்பா பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்னு சொல்லி, அவன்தான் மத்தவங்களக் கூட்டிக்கிட்டுப் போனான். பொறகு அவனுக்கு எல்லாம் தெரிஞ்சி போச்சி. இனி நான் சொன்னா நம்ப மாட்டான், மகள்."

அந்த மகனை அவள் தினமும் பார்க்கிறாள். காலையில் பஸ் தரிப்பிடத்தில் நதாவைக் கண்டால் கன்னத்தைத் தட்டிச் சிரிப்பான்.

ரவிகுமார் சாந்துக் கரண்டியோடு நின்றான். "அப்ப என்னங்க செய்ய?"

மஸாஹிரா அந்த இடைவெளியை அடைத்துவிடச் சொல்லிக் கையை மட்டும் காட்டினாள்.

ரத்னபால வேலியைத் தாண்டி வந்தார். குனிந்து, முதல் கல்லை அவர்தான் தூக்கிக் கொடுத்தார்.