கயிற்றின் மறுமுனை

காலை வெயில் சாய்ந்தமருதுக் கடலில் தகதகக்கிறது. மீனவர் பென்சன் வயதை அறுபதிலிருந்து அறுபத்தைந்தாக உயர்த்தும் சட்டத்துக்குக் கைதூக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் நௌபீர் எம்.பி. வந்திருக்கிறார்; யாரிடமும் கேட்க வரவில்லை. கரைவலை இழுப்பவர்களோ கடலைப் பார்த்தபடியே பின்னடி வைத்து வருகிறார்கள். அவருக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள். “காக்கா, பென்சன் வயசப் பத்திக் கொஞ்சம் கதைக்கணும்,” என்று மூத்தவரை அண்ணன் முறை சொல்லி அழைக்கிறார். கயிற்றின் கடைசியில் நிற்கும் அறுபது வயது உதுமாலெவ்வை திரும்பவில்லை. “இப்ப கயித்த உட ஏலா எம்.பி. பொறகால புடிச்சிக்கிட்டுக் கதைங்க.” நௌபீர் பிடிக்கிறார். ஈரக் கயிறு உள்ளங்கையில் துடிக்கிறது. மறுமுனையில் கடல் முழுவதும் நின்று இழுக்கிறது. குதிகால்கள் மணலில் புதைகின்றன. கண்ணெதிரே உதுமாலெவ்வையின் தோள் எலும்புகள் நனைந்த தோலுக்கடியில் ஏறி இறங்குகின்றன, ஏறி இறங்குகின்றன. அலை பிளந்து வலையின் மடி கரையேறுகிறது. உள்ளே கீரிமீன் திரள், கடலே மூச்சு விடுவதுபோல் மினுங்கி எழுந்து அடங்குகிறது. உதுமாலெவ்வை கயிற்றை விட்டு, இப்போதுதான் முகம் திருப்பிச் சிரிக்கிறார். “ஓம், இனிச் சொல்லுங்க எம்.பி. நாங்க எத்தின வயசு வரைக்கும் இழுக்கணும்?” நௌபீரின் கை இன்னும் கயிற்றை விடவில்லை.