தள்ளிப் படுக்காதவள்

இப்போதெல்லாம் தூங்குவதற்கும் டாக்டரிடம் போகிறார்கள். கண்ணை மூடினால் தூக்கம், திறந்தால் வேலை என்று இருந்த ஜனங்கள் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்னையும் செம்பூரில் இருக்கிற தூக்க டாக்டரிடம் இழுத்து வந்துவிட்டாள் மருமகள் கோகிலவாணி. கிழவனுக்குப் பைத்தியம் என்று எழுதி வாங்கத்தான் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரி பார்வதியம்மாளுக்கு இடது கை தோளிலிருந்து முழங்கை வரை கன்றிக் கிடந்தது. கேட்டவர்களிடம் தண்ணீர் டிரம் இடித்துவிட்டது என்றாள். மகன் மாரிக்கண்ணன் நம்பவில்லை. நான்தான் அடிக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டான்.

“நாங்க சான்பாடாவுல புது வீட்டுக்குப் போறப்ப அம்மையும் எங்ககூட வரட்டும். நீங்க தாராவியிலேயே கெடங்க” என்றான். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

அவள் மேல் நான் கை வைத்ததே கிடையாது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

டாக்டர் அனந்தநாராயணன் மாட்டுங்காத் தமிழர். எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்துவிட்டு, என்னைக் கேட்காமல் மருமகளைக் கேட்டார்.

“விடியமுன்ன தண்ணி பிடிக்க எந்திரிச்சேன் டாக்டர். மாமா யாரையோ போலே போலேன்னு விரட்டிக்கிட்டு அத்தைய அடிச்சாங்க. ஆனா கண்ணு மூடியிருந்திச்சு. நல்ல தூக்கம்.”

மாரிக்கண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“வயசுக்கு ஒண்ணு பெரியவரே” என்றார் டாக்டர். “இருபது வயசுல படுத்தா தூக்கம் வராது. உங்க பையன் வயசுல குறட்டை, நடுவுல மூச்சு அடைக்கும். உங்க வயசுல சில பேருக்குக் கனவு கை காலுக்கு வந்துடும். அடிக்கிறது அவங்களுக்கே தெரியாது.”

பையன் குறட்டை விடுவதை இவரிடம் யார் சொன்னது?

கனவில் ஒருத்தனை விரட்டினால் நிஜத்தில் கை ஓங்குமாம். எனக்குக் கனவு வந்த ஞாபகம்கூட இல்லை. மாத்திரை விற்க ஒரு கதை வேண்டாமா?

டாக்டர் பார்வதியம்மாள் பக்கம் திரும்பினார். “கொஞ்ச நாள் நீங்க தள்ளிப் படுத்துக்கோங்கம்மா.”

அவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

“நடுவுல தலகாணி வச்சுப் பாத்தேன், ஒதறித் தள்ளிருதாவ. நான் தள்ளிப் படுத்தா அந்தப் பக்கம் இட்லி மாவு அரைக்கிற கிரைண்டருதான். அதுல அடிச்சா அவுக கை ஒடஞ்சிரும்லா.”



தெரிந்தேதான் படுத்திருக்கிறாள். கிரைண்டருக்கும் என் கைக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துவிட்டு, காலையில் எழுந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

“வாங்கப்பா” என்று மாரிக்கண்ணன் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினான். சான்பாடா பேச்சை அவன் எடுக்கவில்லை. மருமகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லிப் பழக்கமில்லை. அவள் தோளில் தொங்கிய பையை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன்.

வெளியே வந்து ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.

தூங்குகிறவன் கை தானாக அடிக்கும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் அடிக்கிறவனின் கை நோகுமே என்று ஒருத்தி பக்கத்தில் கிடந்தாளே, அதை மட்டும் எப்படி நம்புவது?