பதினேழாவது துண்டு

“இன்னைக்கும் கிடைச்சுதா?” காபிக் கோப்பையோடு வயலோரம் வந்து நின்றாள் யெல்ட்ஷே. கணவன் இறந்து நாலு வருஷமாகத் தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவள்.

“கிடைச்சுதுங்க. பதினேழாவது துண்டு.” ஃபோல்கெர்ட் உலோகங்காட்டும் கருவியைக் கீழே வைத்தான். போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட குண்டுவீச்சு விமானத்தின் சிதறல்களைத் தேடி ஞாயிறுதோறும் வருகிறான். வாரத்துக்கு ஒன்று தவறுவதில்லை.

“விமானம் ஏரியில விழுந்துச்சுன்னுல்ல ஊர்ல சொல்றாங்க?” என்றான்.

“அவங்க கிடக்கிறாங்க. காபி ஆறுது, குடிங்க.”

கிடைத்த தகட்டின் மண்ணைத் துடைத்துத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளை மையில் 212 என்ற எண். பல ஊர்களில் தான் சேகரிக்கும் ஒவ்வொரு துண்டிலும் அவன் போடும் வரிசை எண், அவன் கையெழுத்திலேயே. போன மாதம்தான் லீவார்டன் நகரச் சந்தையில் பழஞ்சாமான் வியாபாரிக்கு இதே தகட்டை விற்றிருந்தான்.

நிமிர்ந்து பார்த்தான். கோப்பையை நீட்டிய அவள் நகக்கண்களில் ஈரக் களிமண்.

கட்டைவிரல் நகத்தால் எண்ணைச் சத்தமில்லாமல் சுரண்டிவிட்டு, தகட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“இன்னும் எவ்வளவு இருக்குங்க இந்த மண்ணுல?” என்றாள், வயலைப் பார்த்தபடி.

ஃபோல்கெர்ட் காபியை வாங்கிக்கொண்டான்.

“நம்ம ரெண்டு பேர் ஆயுசுக்கும் போதும்.”